ரிஜெக்ட் சாரின் வேன்

இருபத்தாறு வருடங்களாக, பிறர் தங்கள் வண்டிகளை வெட்டி ஒட்டுவதைக் கண்டுபிடித்துத் தடுப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஷெட்டில் சொந்த வண்டியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். இதில் முரண்பாடு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் படாதது என்று வேறு எதுவும் கிடையாது.

வேலை, வாகனப் பரிசோதகர். டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ரிஜெக்ட் சார். நாளடைவில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஷெட்டில் அதற்கு முன் மூன்று வண்டிகள் செய்திருக்கிறார். செத்துப்போன இரண்டு ஜீப்புகளிலிருந்து ஒன்று, ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிய தொட்டி வண்டி ஒன்று, எதிலிருந்து வந்தது என்று அவருக்கே மறந்துபோன இன்னொன்று. மூன்றும் பார்க்க அழகு. மூன்றும் கேட்டைத் தாண்டியதில்லை. முடித்ததும் அலுவலகப் படிவத்தைச் சொந்தக் காசில் நகல் எடுத்து, தன் வண்டியைத் தானே பரிசோதித்து, தானே நிராகரித்து, மறுபடி பிரித்துப்போட்டுவிடுவார். அப்போது யாருக்கும் அதில் நஷ்டமில்லை. அந்த வண்டிகளில் ஏறி எங்கேயாவது போக யாரும் காத்திருக்கவில்லை.

நான்காவது வண்டிக்கு ஒருவர் காத்திருந்தார். அவர் மனைவி.

பக்கவாதத்தில் அந்த அம்மாளுக்கு இடது கையும் காலும் போயிருந்தன. வாய் மட்டும் முன்னைவிடத் தெளிவு. வாடகைக் காரில் ஏற்றும்போது ஒருமுறை கை நழுவிக் கீழே போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மூட்டை மாதிரி என்னை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போக வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான்: நாலு மணி நேரத் தூரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த அக்கா வீடு. அக்காவுக்குக் காது போய்விட்டதால் போனில் பேசிப் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஒரு பழைய வேனை வாங்கினார். சக்கர நாற்காலியோடு உள்ளே போனால் தலை கூரையில் இடித்தது. கூரையை உயர்த்தினால் வளைவில் வண்டி சாயும் என்று தரையை ஒரு சாண் இறக்கினார். தரையை இறக்க, அடியில் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டியிருந்தது. இதே வேலையைச் செய்த எத்தனையோ பேரை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பியவர் என்பதால், எப்படிச் செய்யக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. பின்கதவில் சாய்பலகை, தரையில் நாற்காலியைக் கட்ட நாலு கொக்கி. ஒன்றரை வருடம் ஆயிற்று.

பிறகு படிவத்தை எடுத்தார். முதல் பரிசோதனையில் சாய்பலகை செங்குத்தாக இருந்தது, நிராகரித்தார். நீளமாக்க இரண்டு மாதம். இரண்டாவதில், சட்டத்தின் வெல்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டைகள்; நிராகரித்தார். உதவிக்கு வந்த வெல்டர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், நீங்க பொண்ணு பாக்கப் போனப்ப உங்க மாமனார் இப்படி டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா, உங்களுக்குக் கல்யாணமே ஆயிருக்காது."

நாற்காலியில் இருந்த அம்மாள் சிரித்தார். சிரித்துவிட்டு, "நான் வேனை நம்பியா ஏறப்போறேன், உங்களை நம்பித்தானே. அது போதாதா?" என்றார்.

"என்னை நம்பலாம். வெல்டை நம்ப முடியாது."

சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தொல்லை. அவர் கண்டுபிடித்த குறை ஒவ்வொன்றும் உண்மையான குறை. மூன்றாவது பரிசோதனையில் ஒரு கொக்கி, முழுப் பலத்தோடு இழுத்தபோது, ஒரு நூல் அளவு அசைந்தது. இன்னும் இரண்டே ஞாயிறு என்றார். அம்மாள் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

முதல் ஞாயிறு வருவதற்குள் வியாழக்கிழமை போன் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர், ரிஜெக்ட் சாரின் சகலை, காலையில் போய்விட்டாள் என்றார்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த ரிஜெக்ட் சார் கொக்கியைத் தொடவில்லை. சாய்பலகையை இறக்கினார், நாற்காலியை ஏற்றினார், கட்டினார், கிளம்பினார். தகுதிச் சான்று இல்லாத வண்டியை அவர் ரோட்டில் ஓட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நாலு மணி நேரமும் கொக்கி அசையவில்லை.

அக்கா வீட்டு வாசலில் மூன்று படி. சாய்பலகையைப் பற்றி யோசித்தவர் படியைப் பற்றி யோசிக்கவில்லை. வந்திருந்தவர்களில் நாலு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாள் தடுக்கவில்லை. அக்காவின் கையை எடுத்துத் தன் வலது கையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் சகலை வெளியே வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார்.

"வாசல்ல நிழலாடினா போதும், 'தங்கச்சி வேன்ல வந்துட்டாளா'ன்னு கேப்பா."

ரிஜெக்ட் சார் கொக்கியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். முழுப் பலத்தோடு இழுத்தால்தான் அசைகிறது, அதுவும் ஒரு நூல்தான், ஆனால் பிரேக் போடும்போது எடை முழுக்க முன்னால் வரும் என்றார். சகலை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, கை கழுவுங்க, சாப்பிடலாம்" என்றார்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்திருந்தார்கள். பின்னாலிருந்து அம்மாளின் குரல் வந்தது.

"நல்லாத்தான் ஓடுது."

"ம்."

"போன மாசமும் இப்படித்தான் ஓடியிருக்கும், இல்லீங்க?"

ஒரு வண்டியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாமல் அவர் பதில் சொன்னது அன்று மட்டும்தான்.

"ஓடியிருக்கும்."

அடுத்த ஞாயிறு கொக்கியைச் சரிசெய்தார். தன் வண்டிக்குத் தானே முத்திரை போட முடியாது என்பதால் பக்கத்து ஊர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பரிசோதகர் சின்ன வயதுக்காரர். அடியில் படுத்துப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து, இவ்வளவு சுத்தமான வேலையை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாற்காலியோடு எங்கே அழைத்துப்போக இதைச் செய்தீர்கள் என்றும் கேட்டார்.

"சும்மா, பக்கத்துலதான்" என்றார் ரிஜெக்ட் சார்.