கேமரா கீழே விழுந்துடுச்சு

மத்தியானம் மூன்றேகால் மணிக்கு அண்ணியின் போன் அடித்தது. நான் சூட்கேஸ் இரவல் கேட்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி கையில் சோப்பு நுரை, அதனால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அண்ணி, புரொட்யூசர் பேசறேன். கேமரா மாடியிலேருந்து கீழே விழுந்துடுச்சு."

"ஐயையோ," என்றார் அண்ணி. "அவரைத் திட்டாதீங்க. வேணும்னு போட்டிருக்க மாட்டாரு. ரொம்ப அடியா?"



"இல்ல அண்ணி. கேமரான்னா... நம்ம அண்ணன்."

அண்ணன் வேலை பார்த்த டிவி சானலில் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேமரா சாப்பிட்டாச்சா, லைட்டு இன்னைக்கு லீவு, மைக்கு வேன்ல தூங்குது. அண்ணனும் அதைக் கேட்டுச் சிரித்தவர்தான். சானல் விழாவில் அவருக்குக் கொடுத்த கேடயத்தில் பெயரே இல்லை, ‘கேமரா 2’ என்று பொறித்திருந்தார்கள். "ஒண்ணு யாருன்னு கேக்காதே, எனக்கே தெரியாது" என்று சொல்லி அதை அலமாரியில் வைத்தார்.

கல்யாண வீடுகளில் விளக்குப் பிடிக்கப் போய்த் தொழில் கற்றவர். வீட்டிலும் அந்தப் பாஷைதான் பேசுவார். மகள் காலையில் போட்ட சட்டையைச் சாயங்காலம் மாற்றியிருந்தால், முதல் காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் பொருந்தவில்லை என்று அர்த்தம் வரும்படி, "கன்டினியூட்டி போச்சே" என்பார். அண்ணி கோபத்தில் கதவை அறைந்து சாத்தினால் மெல்லத் திறந்து எட்டிப் பார்த்து, "டேக் ஓகே. ரியாக்‌ஷன்தான் கொஞ்சம் ஓவர்" என்பார்.

"முதல்ல உங்க வாயை மியூட்ல போடுங்க" என்பார் அண்ணி. அத்தோடு சண்டை முடிந்துவிடும்.

நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் சானல் வேன் டிரைவர் எங்களிடம் சொன்னார். பழைய கட்டடம் ஒன்றை இடிப்பதைப் படம் பிடிக்க எதிர்மாடிக்கு ஏறியிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. கட்டடம் முழுசாகத் தெரிகிற அகலமான காட்சி வேண்டுமாம். அதற்குப் பெயர் வைட். லென்ஸில் அது கிடைக்காவிட்டால் ஆள்தான் பின்னால் நகர வேண்டும்.

"அண்ணனுக்குக் கண்ணு கேமராவுல," என்றார் டிரைவர். "புரொட்யூசர் பக்கத்துல நின்னுக்கிட்டு ‘இன்னும் வைட்ணே, இன்னும் வைட்’னாரு. அண்ணன் காலு பின்னாடியே போச்சு. அந்தச் சத்தமெல்லாம் பதிவாயிருக்கும் சார்."

மறுநாள் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினோம். செருப்பைக் கழற்றுவதற்குள் புரொட்யூசர் ஒரு மாலையோடும், புதிதாக ஒரு கேமராவோடும் வந்து நின்றான். அவனும் அண்ணியை அண்ணி என்றே கூப்பிட்டான். நான் இத்தனை வருஷம் சொல்லிவந்த சொல் அவன் வாயில் அழுக்காகிவிட்டது போலிருந்தது.

"ஒரே ஒரு பைட், அண்ணி. அண்ணனைப் பத்தி ரெண்டு வரி."

பைட் என்றால் ஆங்கிலத்தில் கடி. பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தார். "அவரு கடைசியா எடுத்தது உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு அண்ணி. கேமரா ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

"விழும்போதுமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அதை மட்டும் போட்டுடாதீங்க. அவரு விழறதை ஊரே உக்காந்து பாக்க வேணாம். உள்ள புள்ள இருக்கா. அவ பாக்கவே கூடாது."

அவன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான். "கவலையே படாதீங்க. வேற யார்கிட்டயும் குடுக்கல, நானே உக்காந்து கட் பண்ணிடறேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் அண்ணி பேசச் சம்மதித்தார். இரண்டு வரி சொல்வதற்குள் உடைந்து அழுதார். "ஃபோகஸ் கொஞ்சம் போயிடுச்சு அண்ணி, சேஃப்டிக்கு இன்னொண்ணு" என்றான். அந்தத் தொழிலில் சேஃப்டி என்றால் இன்னொரு தடவை எடுப்பது. சுவரில்லாத மாடிக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே இரண்டு வரியை மறுபடியும் சொன்னார்.

அன்று ஏழு மணிச் செய்திக்காக டிவியைப் போட்டதும் அண்ணிதான். அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்வார்கள் என்று மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முதலில் கட்டடம் வந்தது. அது சாய்ந்தது. பிறகு வானம், ஒரு மின்கம்பி, தரை. அதையே மெதுவாக ஓட்டினார்கள். மாடி விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னணியில் வயலின். ‘இன்னும் வைட்’ என்ற குரலை மட்டும் காணோம். அடுத்து அண்ணி அழுதார், இரண்டாவது தடவை எடுத்தது. மகள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது.

நான் அவனுக்கு போன் செய்தேன். "கட் பண்றேன்னுதானே சொன்னீங்க?"

"பண்ணிட்டேனே தம்பி. எடுத்ததுல நாப்பது செகண்டு இருந்துச்சு. பன்னெண்டுக்குக் கொண்டு வந்திருக்கேன். சின்ன வேலையா அது?"

"சத்தம் எங்கே போச்சு?"

"தேவையில்லாத ஆடியோ இருந்துச்சு. எடுத்துட்டேன்."

எங்கள் வீட்டில் கட் பண்ணுவதென்றால் எடுத்துப் போட்டுவிடுவது. அவர்கள் இடத்தில் கட் பண்ணுவதென்றால் வெட்டி ஒட்டி ஒளிபரப்புக்குத் தயார் செய்வது. இரண்டு அர்த்தமும் அவனுக்கு நன்றாகத் தெரியும். அண்ணிக்கு எந்த அர்த்தம் போய்ச் சேரும் என்பதும் தெரியும். பொய்யே சொல்லாமல் ஏமாற்றியிருக்கிறான். அந்தப் பேச்சை நினைத்தால், அழுகிய பழத்தை அறியாமல் கடித்துவிட்டு எத்தனை தடவை வாய் கொப்பளித்தாலும் போகாதே, அப்படி ஒரு நாற்றம்.

"அந்தப் பெட்டி இனிமே இந்த வீட்டுல வேணாம் தம்பி," என்றார் அண்ணி. "மேல இருக்கற டிஷ்ஷும்தான்."

டிவியை அன்றைக்கே என் வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோய்விட்டேன். இன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டு மாடிக்கு ஏறினேன். டிஷ்ஷைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் இரண்டு கழன்றன. மூன்றாவது துருப்பிடித்து அசையவில்லை.