எட்டுக் கால் எறும்பு

தாமரைச்செல்வி பேரையூரில் விலங்கியல் ஆசிரியை. சனிக்கிழமைகளில் காடுகரைகளில் சிலந்தி வகைகளைக் கணக்கெடுப்பது ஆறு வருடப் பழக்கம். மீட்டர் அளவுக் கயிற்றைச் சதுரமாகப் போட்டு, அதற்குள் இருப்பவற்றை எண்ணுவாள்.

அன்று காளை என்ற விவசாயியின் பருத்திக் காட்டில் கயிறு போட்டதுமே அவர் வந்து அதை மிதித்துக்கொண்டு நின்றார். பக்கத்து நிலத்தை ஒரு சோலார் கம்பெனி வளைத்திருந்த நேரம் அது.

"யாருக்கும்மா என் காட்டை அளக்குற?"

"அளக்கலண்ணே, சிலந்தி எண்ணுறேன்."

"சிலந்திக்கு எதுக்குக் கயிறு?" அவள் கையிலிருந்த சின்ன பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தார். "இது கட்டெறும்பு. எறும்பு தெரியாத டீச்சரா நீ?"

வரும் வழியில் வரப்பில், ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிக்கிய வகை அது. அவர் மூடியைத் திருகினார்.

"தொறந்துராதீங்கண்ணே! காலை எண்ணுங்க. எறும்புக்கு ஆறுதான்."

உதடு அசைய இரண்டு முறை எண்ணினார். எட்டு.

"முன்னங்காலத் தூக்கி எறும்பு மீசை மாதிரியில்ல ஆட்டுது, களவாணி!"

பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் நம்புறீங்கள்ல, கயிறக் குடுங்கண்ணே."

"எறும்பு வேசத்துல சிலந்தி வருதுன்னா, டீச்சர் வேசத்துல கம்பெனிக்காரி வர மாட்டாளா? கயிறு இல்லாம எம்புட்டு வேணாலும் எண்ணு."

அவள் பத்துப் பத்துச் செடியாகப் பிரித்துச் சிலந்திகளை எண்ணத் தொடங்கினாள். அவர் கூடவே நடந்தார்.