பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

ஒரு வெளிநாட்டு வங்கி இந்தியாவின் சாதாரண வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுப் போகிறது என்று போன வாரம் பேப்பரில் படித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என்னை அது முன்பே விட்டுவிட்டது.

விருதுநகரில் அதற்குக் கிளை கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு குடை, ஒரு மேஜை, பங்குனி வெயிலில் டை கட்டிய ஒருவர். வங்கி அவ்வளவுதான். நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் புரூஃப் பார்ப்பவன். அப்போது நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பதினெட்டு வருடமாக நானும் புத்தகங்களும் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறேன் என்றார். நானே வாங்குவதானால் சித்திரை முடியும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார். உள்ளூர் வங்கி மேலாளர், ஜாமீனுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோன எழுத்தாளர்கள். டைக்காரரோ, "யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாம் சார், பேப்பர் சரியா இருந்தா போதும்" என்றார். வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பேப்பர் போதும் என்ற வங்கி, அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் ஆள் அனுப்பியது. எதற்கென்று மட்டும் சொல்லக் கூடாதாம். எங்கள் பக்கம் ஒருவனுடைய வேலை, வயது, வீடு மூன்றையும் விசாரித்துவிட்டுக் காரணம் சொல்லாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்களப் பத்தி விசாரிக்க ஆள் வந்தாக. வீட்டை போட்டோகூட எடுத்தாக."

"என்ன கேட்டாகக்கா?"

"வயசு கேட்டாக. நாப்பத்தொண்ணுன்னேன். சொந்த வீடுன்னேன். கம்பெனில மேனேசருன்னேன்."

"அக்கா, நான் புரூஃப் பாக்குறவன்."

"அதச் சொன்னா எவுக பொண்ணு குடுப்பாக? பொய் சொன்னதுக்கு ஞாயித்துக்கெளம சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிருதேன், விடுங்க. கடன்கிடன் உண்டான்னாக. கடன் வாங்குற ஆளே கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

எனக்காக எட்டு வயதைத் தள்ளுபடி செய்தவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வங்கிக்குப் போன் செய்தேன். வெகுநேரம் இசை கேட்டேன். பிறகு எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் பேசினார். பக்கத்து வீட்டு அம்மா கல்யாண விசாரணை என்று நினைத்துவிட்டார் என்று விளக்கினேன். "யாருக்குக் கல்யாணம், சார்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் உள்ள விவரங்கள் நேர்விசாரணையோடு பொருந்தவில்லை, கடன் தர இயலாது. தொழில் பழக்கத்தில் இரண்டு முறை படித்தேன். பிழையே இல்லை. மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்கு ரசம் என்று ஞாபகம்.

வீட்டைப் பட்டாசு ஏஜென்ட் ஒருவர் வாங்கினார். சிவகாசியில் ஒரு அறை பார்த்தேன். வைகாசியில் புத்தகங்களைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார்.

"பொண்ணு வீட்டுல என்னதான் சொன்னாக தம்பி?"

"வயசு சரிப்பட்டு வரலயாம்க்கா."

அவர் ஒரு புத்தகக் கட்டைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"நாந்தேன் கெடுத்துட்டேன்" என்றார். "முப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கணும்."

"பரவால்லக்கா" என்றேன். வண்டிக்காரர் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.