ஹெட்டில் வைத்த மஞ்சள் புள்ளி

இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருக்கிறது என்று சொல்லும் தொழிலில், விரிசல் வரக் காரணமானவரை ஒருவரும் திட்டுவதில்லை. கோபமெல்லாம் சொன்னவர் மேல்தான். ரத்தப் பரிசோதனை செய்து சீட்டு நீட்டுகிற பெண்களுக்கும், ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் நான் பேசுவது புரியும்.

கணபதி என்கிற பகுதியில் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் லேத்தும் வெல்டிங்கும் பார்ப்பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு லீக் டெஸ்ட். ஹெட்டில் தண்ணீர் ஓடும் துளைகளை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவேன். விரிசல் இருந்தால் குமிழி வரும். இதில் வாதாட என்ன இருக்கிறது? ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் வாதாடுவார்கள்.

இரண்டு வால்வுக்கு நடுவில்

தொண்ணூறுகளின் கடைசி. டர்போ வைத்த டீசல் கார்கள் அப்போதுதான் எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தன. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர், தன் டர்போ காரின் ஹெட்டை டிரைவர் ரங்கனோடு கொண்டுவந்தார். வழியில் இஞ்சின் கொதித்திருக்கிறது. ஆறவிடாமல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். தொட்டியில் இறக்கினேன். இரண்டு வால்வுக்கு நடுவில், விரல் அகலம்கூட இல்லாத இடத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

மற்ற இடமாக இருந்தால் வெல்டிங் வைக்கலாம், டர்போ சூட்டுக்கு இந்த இடத்தில் நிற்காது, புது ஹெட்தான் என்றேன். அது சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். அவருக்கோ ஐந்தாம் நாள் குன்னூர் போய், வளைகாப்பு முடிந்த மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தாக வேண்டும். குமிழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உள்ள ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

வெள்ளைப் பூ

மறுநாள் குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டுவிட்டு வந்து நின்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது என்று அர்த்தம். வெள்ளை வந்துவிட்டதாம், வெல்டிங் வைக்கச் சொன்னார்.

நானும் என் மகள் கல்யாணத்துக்குப் பூக்கேட்டவள்தான். சாமியை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, முடியாது என்று சொல்லிவிடச் சொன்னேன். நிறைமாசக்காரியைக் கொண்டைஊசி வளைவில் நடுரோட்டில் நிறுத்தும் பாவம் நமக்கு எதற்கு என்றேன். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்குக்கு உட்கார்ந்தார்.

"சாமியே உத்தரவு குடுத்துப்போட்டுது. நடுவுல நீ யாரு?"

ஒரே ஒரு குமிழி

டெஸ்டில் தேறிய ஹெட்டின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பேன். மேட்டுப்பாளையம் மெக்கானிக்குகள் வரை அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஹெட்டை மாட்டுவார்கள். வெல்டிங் வைத்த ஹெட்டைப் பச்சைத் தண்ணீரில் இறக்கினேன், ஒன்றுமில்லை. தண்ணீரைச் சுடவைத்துக் கொஞ்ச நேரம் விட்டேன். அதே இடத்திலிருந்து, எண்ணிக்கொண்டு விடுகிற மாதிரி, ஒவ்வொரு குமிழியாக வந்தது. புள்ளி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஹெட் போயிருந்தது. பிரஷ் நுனியில் மஞ்சள் ஈரம் காயவில்லை. என் புள்ளியை வீட்டுக்காரரே வைத்துவிட்டார். மில்லுக்குப் போன் போட்டேன். முதலாளி இல்லை என்ற கணக்குப்பிள்ளையிடம், அந்தப் புள்ளி நான் வைத்ததில்லை என்று சொல்லச் சொன்னேன். என்ன புள்ளி, எந்தப் புள்ளி என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து அவர் சொன்னார்:

"ஒரு குமிழிக்கே ஊட்டுல மூணு நாளாப் பேச்சில்ல. நாலு வந்திருந்தா என்னையத் தொட்டியில முக்கியிருப்பா."

பர்லியாறு

மகளைக் கூட்டிவரக் குறித்த நாளுக்கு மறுநாள், ரங்கன் அதே ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பொண்ணு எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம். மலை ஏறும்போதே பர்லியாறு பக்கம் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி, கார் நின்றுவிட்டது. முகூர்த்த நாள், வாடகைக் கார் ஒன்றுகூட இல்லை. முதலாளி பஸ் ஏறிக் குன்னூர் போய், மகளைப் பஸ்ஸிலேயே மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். வளைவுக்கு வளைவு அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். சாமி சொன்னது இப்படி ஆகிவிட்டதே என்றேன். ரங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குறிச்ச நாள்ல புள்ளயக் கூட்டியாரலாமான்னு மட்டுந்தானுங்க சாமிகிட்டக் கேட்டாரு. ஹெட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க."

யார் வைத்தது

பின்னாலேயே மில்காரர் வந்தார். முகம் கறுத்திருந்தது. மஞ்சள் புள்ளியின் மேல் விரலை வைத்து, யார் வைத்தது என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் வாயால் வரட்டும் என்று நின்றேன். அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். கடைசியில் "நாந்தானுங்க" என்றார். மில்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மணி வெச்சதுன்னு நம்பித்தானுங்க மலையேறுனேன். நீங்க வெச்சதுன்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே பஸ்ஸுல போயிருப்பனே."

இப்போதெல்லாம் பெயிண்ட் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்; என் வாய்க்குக் கிடைக்காத மரியாதை அந்த டப்பாவுக்காவது கிடைக்கட்டும்.