பத்தரை மணி அட்டையும் ஐந்து மணி வேனும்

போன செவ்வாய்க்கிழமை என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

டாக்டர் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், அதற்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. நான் பயந்தது அந்தக் கையெழுத்து செய்துவைத்திருந்த காரியத்தைப் பார்த்து. 

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் ஈப்போவுக்கு வெளியே ஓர் அரசாங்க கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே குடும்ப மருத்துவத்தில் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி எடுக்கிறவள். உங்களுக்குத் தெரியாத ஒன்று: ஒரு வருஷமாக சனி, ஞாயிறுகளில் எம்.பி.ஏ.வும் படிக்கிறேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டில் விஷயம் வெடித்த அன்று நடந்ததைக் கேட்டால் நீங்களே புரிந்துகொள்வீர்கள். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தார்.

"ஒரு படிப்பே இன்னும் முடியல. அதுக்குள்ள இன்னொண்ணா? நீ டாக்டரா, கடை வைக்கிற தவுக்கேயா?"

கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஓர் அக்கா அதற்கும் ஒரு படி மேலே போனார். நான் பிஸ்னஸ் படிக்கிறேன் என்று காதில் விழுந்ததும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "எந்தக் கம்பெனி டாக்டர்? சத்து மாவா, எடை கொறைக்கிற கோப்பியா? நானும் ஆள் சேக்கிறேன்லா!" நம் ஊரில் பிஸ்னஸ் என்றால் வீடு வீடாகப் பொருள் விற்பதுதானே!

உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது சொந்தமாக ஒரு கிளினிக் வைக்க வேண்டும் என்று ஆசை. ஏ.சி., நல்ல நாற்காலிகள், வரிசையே இல்லாத கிளினிக். மக்கள் சேவை என்று பெரிதாக எதையும் மனதில் வைத்துக்கொண்டு போய்ச் சேரவில்லை. பொய் சொன்னால் அம்மாவே இந்தப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிடுவார்.

இந்த செமஸ்டரில் ஒரு அசைன்மென்ட். உங்கள் வேலையிடத்தில் ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுங்கள், அவர் வந்ததிலிருந்து போகும்வரை கூடவே இருந்து எழுதுங்கள். அவ்வளவுதான். நான் கிளினிக் கேட்டில் தொடங்கி மருந்து கவுண்டரில் முடித்து, படம் எல்லாம் போட்டு முதல் வரைவை அனுப்பினேன். பாடம் எடுப்பவர் என் வயதுக்காரர், கமுந்திங்கில் ஒரு ஃபேக்டரியில் மேனேஜராக இருந்தவர். ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்: உங்கள் வாடிக்கையாளர் கேட்டிலேயே குடியிருக்கிறாரா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோய் பார்க்கிறவளிடம் கேட் பற்றிக் கேள்வியா? சரி, வீட்டிலிருந்தே வருகிறேன் பார் என்று ஒரு நாள் லீவு போட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தவர் அஞ்சலை அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். ஐம்பத்தேழு வயது. கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவி, பால் எடுத்தவர். மரம் எல்லாம் போய் இப்போது அங்கே செம்பனை. அக்கா மட்டும் மகள் குடும்பத்தோடு பக்கத்திலேயே இருக்கிறார். நீரிழிவு, இன்சுலின் ஊசி. ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன்? என் பேஷன்ட்களில் மகா பிடிவாதக்காரர் அவர்தான் என்பது என் எண்ணம். எப்போது வந்தாலும் சர்க்கரை எகிறிப்போய் இருக்கும். நான் ஏசுவேன். ஊசி அளவைக் கூட்டுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அடுத்த முறையும் அதே கதை.

நான் ஏசுகிற டாக்டர் என்பது பேராக் மாநிலம் முழுக்கத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவருடைய கிளினிக் அட்டையில் பத்தரை மணி என்று போட்டிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குவியக் கூடாது என்று நாங்கள்தான் ஆளுக்கொரு நேரம் பிரித்துக் கொடுத்திருந்தோம். ஆகவே ஒன்பது மணிக்கு நான் அவர் வீட்டுக்கு வந்தால் போதும்தானே என்று போனில் கேட்டேன்.

"அய்யோ டாக்டர், அஞ்சு மணிக்கு வேன். பிந்துனா விட்டுட்டுப் போயிருவாங்க."

காலை ஐந்து மணி! முகம் கழுவியதுகூட எனக்கு நினைவில்லை. போய் நின்றால் பழைய பெரட்டுக் களத்தில் ஏழு பேர் தலைவாரி, திருநீறு பூசி, அட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுகிற நேரம். பிந்தியவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. தோட்டம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பயம் மட்டும் போகவில்லை. பத்தரை, பதினொன்று, பதினொன்றரை என்று நாங்கள் அட்டை அட்டையாக எழுதிக் கொடுத்ததை இவர்கள் யாரும் ஒரு நாளும் நம்பியதே இல்லை!

"பத்தரைன்னுதான் போட்டிருக்கு," என்றேன்.

"அது சும்மா போடுறதுலா டாக்டர்," என்றார் வேன் ஓட்டும் மணியம் அண்ணன். "பிந்துனா பேர வெட்டிருவாங்க."

வேனில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபோது திருநீறு கலைந்தது. அதன் கீழே புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. இன்னும் சிவப்பு மாறாத தழும்பு.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

"வழுக்கிருச்சா?" முன்னாலிருந்து மணியம் அண்ணன். "ஒடம்பெல்லாம் வேர்த்து, கை கால் ஒதறி, பேச்சு மூச்சு இல்லாமக் கெடந்துச்சு. நான்தான் ஓடிப்போய் வாயில சீனி வச்சேன்."

"அண்ணே, சும்மா வண்டிய ஓட்டுங்க!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வியர்வை, நடுக்கம், மயக்கம்... சீனி வைத்ததும் தெளிவு. சர்க்கரை கூடியவருக்கு வருவதா இது? முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும், இது சர்க்கரை இறங்கி வருவது. அதுவும் ஊசி அளவு மீறிப் போனால் வருவது. ஆளையே கொண்டுபோய்விடும்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, மயக்கம் வருதா, படபடப்பு வருதான்னு."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீங்க ஏசுவீங்க டாக்டர்."



ஆறரைக்குக் கிளினிக் கேட். எழுவரும் வரிசையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு எதிரே இருந்த ஸ்டாலுக்குப் போனார்கள். கெட்டியான கோப்பி ஓ, அதாவது பால் விடாத காப்பி, கிளாஸின் அடியில் கரையாத சீனி.  இன்னும் ஒரு மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை!

"அக்கா! வெறும் வயித்தோட வரச் சொன்னோமே!"

"சோறு திங்கல டாக்டர். ஊசியும் போடல. முன்ன ஒரு தடவ சொன்னபடி பசியோட, ஊசியும் போட்டுட்டு வந்தேன். பத்து மணிக்கு வரிசையிலயே விழுந்துட்டேன். நர்ஸ் மிஸ்ஸி தூக்கி ஒக்கார வச்சு ஏசுனாங்க. அதிலேருந்து இங்க வார அன்னிக்கு மட்டும் ஊசி கிடையாது, கோப்பி ஓ ஒண்ணு. எல்லாரும் அப்படித்தான்."

"வீட்ல?"

"வீட்லயா?" அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க சொன்ன அளவுதான். ஒரு கோடு கூடாது, கொறையாது."

புரிகிறதா உங்களுக்கு? எனக்கு அங்கேதான் புரிந்தது. நான் பார்க்கிற ஒரே ஒரு நாளில் ஊசி இல்லை, உள்ளே சீனித் தண்ணீர், அதனால் சர்க்கரை ஏறி நிற்கும். நான் பார்க்காத மற்ற நாட்களில் நான் கூட்டிய அளவைச் சொட்டு விடாமல் போட்டு, தரையில் விழுவார். மூன்று மாதச் சர்க்கரையை மொத்தமாகக் காட்டும் இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அது அவருக்கு நன்றாகத்தான் வந்திருந்தது. ரத்தசோகை இருப்பவர், தப்பாகக் காட்டியிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லி ஒதுக்கிவிட்டேன். பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டிய பிறகு நல்ல ரிசல்ட்டை யார் நம்புவார்கள்?

ஏழரைக்கு விரலில் குத்தினார்கள். மில்லிமோல் கணக்கில் ஐந்து, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு.

பத்தே முக்காலுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். என் அறையில் அன்றைக்கு ஒரு புது டாக்டர், நல்ல சீனப் பெண். நான் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். அவள் பதினாறைப் பார்த்தாள், என் பழைய குறிப்புகளைப் பார்த்தாள், நான் கேட்கிற அதே கேள்விகளை அதே வேகத்தில் கேட்டாள். அக்கா தலையை ஆட்டினார். "ஆன்ட்டி, இப்படி இருந்தா கால் போயிரும்," என்று மலாய் மொழியில் ஒரு ஏச்சு. அதுவும் என்னுடையதுதான், அப்படியே என்னிடம் கற்றுக்கொண்டது. பிறகு நான்கு யூனிட் கூட்டி எழுதத் தொடங்கினாள்.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். பேனா உருண்டு கீழே போயிற்று. அந்தப் பெண் வெலவெலத்துப் போய்விட்டாள், பாவம்.

அப்போதுதான் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பினேன். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று முறை அளவு கூட்டப்பட்டிருந்தது. மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து. பக்கத்தில் "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று நானே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த ஒரே காரணத்தால் சாகப் பார்த்த ஒருவரைப் பற்றி!

அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். வீட்டிலேயே பார்த்து எழுத ஒரு மீட்டர் கொடுத்தோம். வேனில் வந்த மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டோம். நான்கு பேருக்கு அதே கதை. மணியம் அண்ணனுக்கு இனி கிளினிக்கிலிருந்தே போன் போகும், எட்டரைக்கு முன்னால் வேனை எடுக்காதீர்கள் என்று. நம்புவாரா என்பது வேறு விஷயம். அவர்கள் பேரை வெட்ட மாட்டோம் என்று நான் சத்தியம் செய்ததை ஏழு பேரும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் மருத்துவம் படித்திருக்கிறேன். சிறுநீரகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பேஷன்ட் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார் என்று ஒரு பரீட்சையிலும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கடைக்காரர்கள் படிக்கிற படிப்பு என்று நீங்களும் நானும் நினைக்கிற படிப்பு கேட்டது. அம்மாவிடம் சொன்னேன். கரண்டியை மறுபடியும் கீழே வைத்தார், இந்த முறை ஏசுவதற்கு அல்ல.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்கள் வெளியே போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று தமிழில் நேராகச் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகினார்.

"விடுங்க டாக்டர். நீங்க நல்லதுக்குத்தானே ஏசுனீங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. வேனில் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். குரலை உயர்த்தாமல் கேட்டேன். எனக்கு அதற்குப் பழக்கமே இல்லை.

"அக்கா, மொத்தம் எத்தன தடவ விழுந்தீங்க?"

என் முகத்தைப் பார்த்தார். ஏச மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆறு தடவ டாக்டர். ஒரு தடவ பேரப்புள்ளையத் தூக்கி வச்சிருந்தேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகல... மெத்த மேல போட்டுட்டுத்தான் விழுந்தேன்."

அந்த அறையில் ஏச்சு வாங்க வேண்டிய ஆள் அஞ்சலை அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.