அமாவாசைத் தண்ணீர்

வேதியியலில் ஒரு பட்டம், நகரத் திட்டமிடலில் ஒரு பட்டம், சமூகவியலில் முனைவர். இவ்வளவு படித்தும் கல்யாண வீட்டில் யாராவது "நீங்க எதுலங்க இருக்கீங்க?" என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சுற்றுச்சூழல் என்பேன். "ஓ, மரம் நடறதுங்களா" என்பார்கள்.

அவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சிவில் இன்ஜினியர். எங்கள் ஆராய்ச்சி மையத்தில் எனக்குப் பல வருடம் கழித்துச் சேர்ந்தவள். குமாரபாளையத்தில் சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்காலைச் சீராக்கும் திட்டத்துக்குத் தலைமை யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அது என் ஊர் வாய்க்கால். அதற்காகத்தான் மூன்று துறையிலும் கால் வைத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு பேரும் அவரவர் திட்டத்தைச் சொல்லுங்கள், கேட்டு முடிவு செய்கிறேன் என்றார் இயக்குநர். நான் சொல்லி முடித்தேன். அவள் எழுந்து ஒரு படத்தைத் திரையில் போட்டாள். வாய்க்காலில் தெளிந்த தண்ணீர். கரையில் பூட்டிய சாயப்பட்டறை, வாசலில் குங்குமம் அப்பிய பூசணிக்காய் உடைந்து கிடந்தது. உள்ளுக்குள் குதித்தேன். அமாவாசை! அன்றைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது, பட்டறை திறக்காது, தண்ணீரில் சாயம் எங்கிருந்து வரும்? இவள் சேந்தமங்கலத்து விவசாயி வீட்டுப் பெண், தறிக்காரர் வழக்கம் தெரியவில்லை, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, அமாவாசை அன்னிக்குப் போய்ப் படம் எடுத்தீங்களா?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஆமாங்க சார். தெரிஞ்சுதானுங்க போனேன்."

அடுத்த படம் வந்தது. அதே இடம், பட்டறை திறந்த நாள், கருஞ்சிவப்புத் தண்ணீர்.

"மாசத்துல ஒருநாள் இப்படித் தெளிவா ஓடுதுங்க. தினமும் இப்படி ஓட வைக்கிறதுதானுங்க நம்ம திட்டம்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். அவள் என் பக்கம் கைகாட்டினாள்.

"சார் சொன்னதுதானுங்க. ஒருநாள் டீ குடிக்கறப்போ, அமாவாசைக்கு எங்க ஊர்ல வாய்க்காலுக்கும் லீவுன்னாருங்க. சார் பேரைத் திட்ட அறிக்கை முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனுங்க."

சிரிப்பதற்காகச் சொன்னது, நானே மறந்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தும் கைதட்டினார்கள். தலைமை அவளுக்குப் போனது.

திருடியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.