ஜுக்ராவில் அப்பா நடந்த ஞாயிறுகள்

வாய்க்கால் சேற்று வாடையும், வாழைப்பழம் பொரிக்கும் எண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தால் எனக்கு அது ஜுக்ராதான்...

மலேசியாவில், பந்திங் தாண்டி இருக்கும் ஊர். ஒரு காலத்தில் சுல்தான் வாழ்ந்த இடம். இன்று ஒரு பழைய அரண்மனை, பக்கத்தில் ஒரு மஞ்சள் மசூதி, சின்ன மலாய்க் கம்பத்து வீடுகள், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் போனோம்.

அப்பா ரயில் டிரைவர். ரிட்டையர் ஆன இரண்டாம் வருடம் ஸ்ட்ரோக் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. எனக்கோ நான்கு மாதத்தில் கல்யாணம். எங்கள் கத்தோலிக்கக் கல்யாணத்தில் அப்பாதான் மகளின் கையைப் பிடித்துப் பீடம் வரை நடத்திப் போக வேண்டும்.

"பெரியப்பாவ கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் முன்னாடி பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெற்ற அப்பா இருக்கும்போது பெரியப்பா எதற்கு?

டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் நடக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அஞ்சடி வெச்சா பத்து பேரு, என்ன ஆச்சு அண்ணேன்னு கேப்பானுங்க. வேணாம் லா."

அதுவும் நியாயம்தான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் என் பழைய காரில் ஏற்றி, ஆளறியாத ஜுக்ராவுக்குக் கூட்டிப் போனேன்.

முதல் நாள்... மசூதிப் பக்கம் காரை நிறுத்தினேன். அங்கிருந்து அரண்மனை, பிறகு வாய்க்கால் ஓரமாக ஒரு மரப்பாலம். அதுதான் வழி. அப்பா நகரவே இல்லை. கையை நீட்டினார்.

"டோக்கன்?"

அப்பா ரயில் ஓட்டிய கிழக்குக் கரைப் பாதையில் ஒரே தண்டவாளம். எதிரே இன்னொரு ரயில் வந்துவிடக் கூடாதே என்பதற்காக, ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கன் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க முடியாது. அடுத்த ஸ்டேஷனில் அதை ஒப்படைக்க வேண்டும். அப்பாவுக்கு அது எத்தனையோ வருடப் பழக்கம்.

கார் சாவியைக் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்! நான் முன்னால் ஓடி அரண்மனை வாசலில் நிற்பேன். வந்து சாவியை ஒப்படைத்து, மூச்சு வாங்கி, திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு. கோழிகள் விலகி ஓடும். மோட்டார் சைக்கிளில் போகும் மலாய் ஆன்டி கையசைப்பார்.

ஒரு ஞாயிறு அரண்மனை வாசலில் சாவியைக் கொடுத்து, "போய்க்கிட்டிருங்கப்பா, பீசாங் கோரெங் வாங்கிட்டு வரேன்" என்று பொரித்த வாழைப்பழம் விற்கும் கடைக்குப் போனேன். வாங்குவதற்குள் மழை கொட்டியது. அப்பா திரும்பியிருப்பார் என்று காருக்கு ஓடினேன். ஆளைக் காணோம். இருபது நிமிடம் காத்திருந்தேன்... வழுக்கி வாய்க்காலில் விழுந்துவிட்டாரோ? உயிரே போய்விட்டது எனக்கு.

மரப்பாலத்தில் நின்றிருந்தார். தொப்பலாக நனைந்து, சாவியைத் தூக்கிப் பிடித்தபடி, கடுங்கோபத்தில்.

"எங்கமா போன? டோக்கன யாருகிட்ட ஒப்படைக்கறது?"

"மழை பெய்யுதுல்ல? திரும்பி வர வேண்டியதுதானே!"

"டோக்கன வெச்சுக்கிட்டு எந்த டிரைவராச்சும் ரிவர்ஸ்ல வருவானா?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் நடந்தார். அரண்மனையில் நிற்கவில்லை. எங்கேயுமே நிற்கவில்லை. காரில் உட்கார்ந்த பிறகுதான் அது இரண்டு பேருக்கும் உறைத்தது.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "பெரியப்பாவுக்கு கோட் தைக்கக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"குடுக்க வேணாம்."

கல்யாணத்தன்று பீடம் வரை அப்பாதான் நடத்திப் போனார். மெதுவாகத்தான்... ஆர்கன் வாசித்த ஆன்டி அதே பாட்டை இரண்டாம் முறை தொடங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் நடந்ததில்லை.

அப்புறம் ரவாங்கில் வீடு, வேலை, பிள்ளைகள். கல்யாணம் முடிந்தது, நடையும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் பிள்ளைகளோடு ஜுக்ரா போனேன். மரப்பாலம் இருந்த இடத்தில் சிமெண்ட் பாலம். வழியெல்லாம் சைக்கிள்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள். நான் எடுத்த படங்களை அம்மாவிடம் காட்டியபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நீ ரவாங் போன பெறகும் ரொம்ப நாளு, பூசை முடிஞ்சு வந்தா ஷூவ கழட்ட மாட்டாருமா. மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. கேட்டா, அவ வந்தாலும் வருவாம்பாரு."

ரவாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அப்போதும் அவ்வளவுதான்.